எப்சிபா ஆஸ்பத்திரி அழுத வருஷம்

உப்புக்கிடங்குத் தெருவில் உப்பும் கிடையாது, கிடங்கும் கிடையாது, ஆனால் இருபது வருஷமாகப் பூட்டிக் கிடந்த பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது; அது பச்சைக் குழந்தையின் குரலில் அழத் தொடங்கியது தை மாதம் மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலே முக்காலுக்கு. அதற்கு முந்தின வாரம்தான் மாநகராட்சிக்காரர்கள் வந்து அதன் முகப்பில் ‘இடிந்து விழும் நிலையில் உள்ளது, அருகில் செல்லாதீர்’ என்று சிவப்பு பெயிண்டில் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் அழுகிறது என்று டீக்கடையில் நின்றவர்கள் சொன்னார்கள். எங்கள் தெருக்காரர்களுக்கு எதற்கும் உடனே ஒரு காரணம் சொல்லியாக வேண்டும்.

டாக்டர் எப்சிபா அம்மா கட்டிய ஆஸ்பத்திரி அது. எங்கள் தெருவிலும் பக்கத்து நாலு தெருவிலும் இருபது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் அங்கேதான் பிறந்தேன் என்பார்கள், நானும் அங்கேதான் பிறந்தேன். முன்பக்கத்தில் பிரசவ அறை, அதையொட்டி வராந்தா, வராந்தாவில் ஒரு நீளமான மரப்பெஞ்சு, அந்தப் பெஞ்சில் உட்காரச் சொல்லப்பட்ட அப்பாக்கள் ஒருவர்கூட உட்கார்ந்ததில்லை என்று டாக்டரம்மா சிரிப்பாராம். டெட்டால் வாசனையும் கஞ்சி வாசனையும் சேர்ந்து தெருமுனைவரை வரும், பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வெந்நீருக்கு அலையும் சித்திமார்களும் அத்தைமார்களும் போக வர இருப்பார்கள், பிள்ளை பிறந்தால் டீக்கடையில் நிற்கிறவர் எல்லாருக்கும் சீனி கிடைக்கும். டாக்டரம்மா போன பிறகு அவருடைய பிள்ளைகள் மெல்போர்னிலும் பெங்களூரிலும் இருந்தபடி கட்டடத்துக்கு வழக்காட, வழக்கு வளர்ந்ததோ இல்லையோ கூரையில் அரசமரம் வளர்ந்தது. பிரசவ அறையின் ஓடு சரிந்தது, ஜன்னல் கம்பிகளை யாரோ கழற்றிப் போனார்கள், புறாக்கள் குடிவந்தன, நாங்கள் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டோம்.

எதிரே இ-சேவை மையம் வைத்திருக்கிறவள் நான், பெயர் கனி. முதல் நாள் அழுகையை முதலில் கேட்டவர்களில் நானும் ஒருத்தி. யாரோ பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று நாங்கள் ஓடினோம், போலீஸும் வந்தது. உடைந்த கட்டில்களையும் துருப்பிடித்த தொட்டிலையும் புரட்டிப் பார்த்ததில் ஒரு புறாக்குஞ்சுதான் கிடைத்தது. மறுநாள் காலை ஒன்பதரைக்கு மறுபடி அழுகை, ஆனால் அது வேறு குரல், கொஞ்சம் கட்டையாக. அதற்கு மறுநாள் இரண்டு அழுகை. அரை நிமிஷம், முக்கால் நிமிஷம், அவ்வளவுதான், பிறகு யாரோ வாயில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்ததுபோல நின்றுவிடும்.

ஐந்தாம் நாள் மீன்காரி சந்தனமாரி கூடையோடு போய்க்கொண்டிருந்தபோது ஒரு அழுகை வந்தது, கூடையை அப்படியே ரோட்டில் வைத்துவிட்டு அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

“ஏளா, இது எம் மவன் தொண்டைலா! நாமக்கல்லுல லாரி ஓட்டுதானே, அவன்! தை ரோகிணிலா அவனுக்கு!”

டீக்கடையில் தொங்கிய தினசரிக் காலண்டரில் கிழிக்காமல் கிடந்த முந்தின நாள் தாளைத் தூக்கிப் பார்த்தார்கள். அன்றைக்கு ரோகிணி. பிறகு எங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, நாங்கள் கொஞ்சம் வெட்கப்படவும் செய்தோம், இது விளங்குவதற்கு ஐந்து நாள் ஆனதே என்று. அங்கே பிறந்த ஒவ்வொருவரின் முதல் அழுகையையும் கட்டடம் அவரவர் நட்சத்திரத்தன்று, அவரவர் பிறந்த நேரத்துக்குத் திருப்பி அழுதுகொண்டிருந்தது. டாக்டரம்மா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போனவர், பஞ்சாங்கத்தைக் கையால் தொட்டதில்லை, ஆனால் அவர் கட்டிய கட்டடம் இங்கிலீஷ் தேதியைச் சட்டை செய்யாமல் மாதமும் நட்சத்திரமும் பார்த்தே அழுதது. இங்கிலீஷ் தேதி பார்த்திருந்தால் எங்கள் தெருவில் பாதிப்பேர் பிறந்த நாள் மே முப்பத்தொன்றில்தான் வந்திருக்கும், பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஹெட்மாஸ்டர் எழுதிய தேதி அது.

அதன் பிறகு எங்கள் தெரு அந்த அழுகைக்கு ஏற்றபடி நடக்கப் பழகிக்கொண்டது. காலையில் பால் வாங்கும்போதே இன்று என்ன நட்சத்திரம், யார் யார் என்று பேசிக்கொள்வார்கள், அந்தந்த வீட்டுக்காரர்கள் குளித்துப் புதுத்துணி கட்டி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பார்கள், நாற்பது வயது ஆள் தன் முதல் அழுகையைக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போவார். சென்னையில் இருப்பவர்களும் துபாயில் இருப்பவர்களும் வீடியோ காலில் வருவார்கள், ஆனால் செல்போனில் அந்த அழுகை விழாது, ஊருக்கு வந்தால்தான் கேட்கும், அதனால் பல வருஷமாக வராத பிள்ளைகள் அந்த வருஷம் லீவு போட்டுக்கொண்டு வந்தார்கள். அம்மாமார்கள் அடையாளம் கண்டுபிடிப்பதில் ஒரு நாளும் தவறவில்லை. அப்பாமார்கள் ஒருவர் விடாமல் தவறினார்கள்.

ஜோசியம்தான் பெரும்பாடு பட்டது. ஜாதகத்தில் காலை ஆறு பத்து என்று இருக்கும், கட்டடம் ஆறே முக்காலுக்கு அழும், லக்கினம் மாறிப்போகும். பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்று கட்டிவைத்த ஒரு ஜோடிக்கு நிஜ நேரத்தைப் போட்டுப் பார்த்தால் மூன்றுதான் தேறியது. பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்திய அந்தப் பெண் “இப்பதான வெளங்குது” என்று புருஷனைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவருக்கே இரண்டு தோசை கூடுதலாக வார்த்தாள். பங்குனியில் இரட்டையர்கள் இருவரின் அழுகை நாலு நிமிஷ இடைவெளியில் வந்தது, அதுவரை தம்பி என்று இருந்தவன் அண்ணன் ஆனான், அவன் பெண்டாட்டி மூத்த மருமகள் ஆனாள், அந்த வீட்டில் கல்யாணச் சேலை எடுக்கும் முறையே மாறிப்போய்ப் பெரிய சண்டை. என் கடைக்கு ஆதாரில் பிறந்த தேதி மாற்றவேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். அதற்குச் சான்று கேட்கிறார்கள் அண்ணாச்சி என்று நான் சொன்னால், “கேக்கச் சொல்லு, வந்து நின்னு அவங்க காதால கேக்கச் சொல்லு” என்பார்கள்.

யாரும் வந்து நிற்காத அழுகைகளும் உண்டு. எந்த ஊரிலிருந்தோ வந்து இங்கே பெற்றுக்கொண்டு போனவர்களின் பிள்ளைகள், எங்கே இருக்கின்றனவோ. அந்த அழுகைகளுக்கு ஆவுடையக்கா வந்து நிற்பாள். மாநகராட்சிப் பள்ளியில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவள் அவள், ஆள் வராத அழுகை என்று தெரிந்தால் ஒரு தூக்குச்சட்டியில் சுண்டல் கொண்டுவந்து தெருப்பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். பெரிய மனசு என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அவள் அங்கே எதைக் கேட்க வந்து நிற்கிறாள் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

தெரிந்த ஒன்று, ஆவுடையக்காவும் அவள் வீட்டுக்காரர் வள்ளிநாயகம் அண்ணாச்சியும் நேருக்கு நேர் பேசுவதில்லை என்பது. அண்ணாச்சி அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அக்கா அடுப்பைப் பார்த்து “சோறு வச்சிருக்கு” என்பாள், அண்ணாச்சி காலண்டரைப் பார்த்து “ரேசன்ல பாமாயில் போடுதாவளாம்” என்பார், அந்த வீட்டில் கதவுக்கும் சுவருக்கும் தெரியாத விஷயமே கிடையாது. எப்போதிருந்து இப்படி என்று யாருக்கும் நினைவில்லை, தெருவும் பழகிவிட்டது, அவசரமாக எதையாவது கேட்க வேண்டுமானால் நடுவில் என்னைப் பிடிப்பார்கள்.

சித்திரையில் ஒரு காரியம் நடந்தது. எங்கள் வார்டு கவுன்சிலர் முத்துமாலை வருஷா வருஷம் தை மாதம் பிளெக்ஸ் வைத்துப் பிறந்தநாள் கொண்டாடுகிறவர், ஆனால் அந்தத் தையில் அவருடைய அழுகை வரவில்லை. அன்று கட்டடம் வாயைத் திறக்கவே இல்லை. சித்திரை மாதம் ஒரு நாள் உச்சிவெயிலில் யாரும் எதிர்பாராத நேரத்தில் ஒரு கனத்த அழுகை கிளம்பியது, கவுன்சிலரின் அம்மா வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சித்திரையில் பிறந்த பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது என்று பயந்து தையில் பிறந்ததாகச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். டீக்கடையில் ஒரு மாதத்துக்கு அதுதான் பேச்சு, கவுன்சிலர் வந்தால் மட்டும் எல்லாரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். ஆடி மாதம் கட்டடத்தை இடிக்க உத்தரவு வந்தது. ஓடு விழுந்து ஆள் செத்தால் யார் பொறுப்பு என்று கவுன்சிலர் கேட்டார், நியாயமான கேள்விதான், ஆனால் இருபது வருஷமாகக் கேட்காத கேள்வி.

தீபாவளிக்கு மறுநாள் இடிப்பு என்று முடிவானது. கார்த்திகையிலும் மார்கழியிலும் பிறந்தவர்களுக்குத்தான் அது இடியாக இறங்கியது. எல்லாருடைய அழுகையையும் வாசலில் நின்று கேட்டுவிட்டு, கைதட்டிவிட்டு, தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்கள் அவர்கள். நான் மார்கழிக் கேட்டை. என் அம்மா எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது போய்விட்டாள், அவள் குரல்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. அவள் என்னிடமிருந்து முதன்முதலில் கேட்ட சத்தத்தை நானும் ஒருதரம் கேட்கலாம், அவள் கேட்டதை நான் கேட்கலாம் என்று தை மாதத்திலிருந்து நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். மனு எழுதினோம், கையெழுத்து வாங்கினோம், போய் நின்றோம், ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை, ஆறியதாகச் சொன்னால் பொய்.

அந்த வாரம்தான் ஒரு மத்தியானம் ஆவுடையக்கா கடைக்குள் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஏளா கனி, ஐப்பசி அவிட்டம் என்னைக்கு வருதுன்னு பாரு.”

பார்த்தேன். தீபாவளி கழிந்து ஒன்பதாம் நாள்.

“அப்போ அதுக்குள்ள இடிச்சிருவாவ.”

“யாருக்குக்கா அவிட்டம்?”

“எம் பிள்ளைக்கு.”

அக்காவுக்குப் பிள்ளை கிடையாது என்றுதான் தெருவே நினைத்திருந்தது. அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“இருபத்தொம்பது வருசம் ஆச்சு. செத்துப் பொறந்துட்டுன்னாவ. நான் பாக்கல. ரெண்டு நாள் மயக்கத்துல கெடந்தேன், முழிச்சா வயிறும் இல்ல, பிள்ளையும் இல்ல. பொட்டப்பிள்ளன்னு மட்டும் ஆயா சொன்னா. பெத்தவளுக்குக் காட்டக்கூடாதுன்னு எங்க வீட்டுக்காரவிய எடுத்துட்டுப் போயி ஆத்தங்கரையில குழி தோண்டி வச்சுட்டு வந்துட்டாவளாம். அதே நாளு மூணாம் நம்பர் ரூம்ல வெளியூர்க்காரி ஒருத்தி இருந்தா, பெரிய எடம். சாயங்காலம் கண்ணாடிய ஏத்திவிட்டுட்டுக் கார்ல போனாவளாம், மடியில பிள்ளையோட. அவ வயித்துல பிள்ளையே இல்லைன்னு பின்னால ஒருத்தி சொன்னா. அந்த மாசமே இந்த மனுசன் ஒரு மொபெட்டு வாங்கிட்டு வந்து வாசல்ல நிறுத்துதாரு. நான் என்னன்னு நெனைக்க?”

“நீங்க கேக்கலையாக்கா?”

“கேட்டேன். வித்தியளான்னு கேட்டேன். ஆபீசு லோன்ல வாங்குனதுன்னாரு. அதுக்குப் பெறவு நான் அவருட்ட ஒண்ணும் கேக்கல.”

பள்ளியில் முட்டை போடும் நாட்களில், தன் பிள்ளைக்கு இருக்கவேண்டிய வயதில் எந்தப் பெண்குழந்தை தட்டு நீட்டினாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வைப்பாளாம். அந்த வயதுக்காரிகள் படித்து முடித்துப் போன பிறகு பஸ்ஸில், கோயிலில், துணிக்கடையில் பார்த்தாளாம். இப்போது அந்தப் பெண்ணுக்கு இருபத்தொன்பது, கல்யாணம் ஆகியிருக்கும், பிள்ளைகூட இருக்கும்.

“அழுதுச்சுன்னா உசுரோட பொறந்திருக்கு, கனி. எங்கயோ இருக்கு. அது ஒண்ணு தெரிஞ்சா போதும் எனக்கு.”

அக்கா போன பிறகு வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் அண்ணாச்சி டீ குடிக்க வந்தபோது, தப்போ சரியோ, அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, “கவுன்சிலர் ஆபீசு நாளைக்கு எத்தன மணிக்குத் தெறப்பான்?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் நானும் கூடப் போனேன். மனு எழுதியிருந்தேன், அண்ணாச்சி அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், கடைசிவரை எடுக்கவே இல்லை.

“ஒம்பது நாள் குடுடே முத்துமாலை. பின்பக்கத்த இடிச்சுக்கோ. முன்னால இருக்க பிரசவ ரூம மட்டும் அவிட்டத்தன்னைக்கு மத்தியானம் வர விட்டுரு.”

கவுன்சிலர் கதையை முழுக்கக் கேட்டார். சித்திரைக்குப் பிறகு அவரும் கொஞ்சம் மாறித்தான் இருந்தார்.

“அண்ணாச்சி, எனக்கு வெளங்கல. அது அழுதுச்சுன்னா ஒம்ம மானந்தான போவும்? நீரே வந்து கேக்கீரு.”

“அழுதா நான் பிள்ளைய வித்தவன். அழலைன்னா நான் விக்காதவன். ரெண்டுல ஒண்ணு தெரியணும்லா.”

“நீரு வித்தீரா?”

“இல்லடே.”

“அப்போ அது அழாதுன்னு ஒமக்குத் தெரியும்லா. பெறவு என்னத்துக்கு?”

“எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? அவளுக்குத் தெரியணும்.”

கவுன்சிலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யாருக்கோ போன் போட்டு, பின்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். மார்கழிவரை கேட்டுப் பார்க்கலாமா என்று என் நாக்கு நுனிவரை வந்தது, நான் கேட்கவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் ஜேசிபி வந்தது. வார்டு, சமையல்கட்டு, டாக்டரம்மா உட்கார்ந்த அறை, துணி காயப்போடும் முற்றம் என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகப் போனது. சாயம்போன பச்சைச் சுவரில் எந்தக் காலத்திலோ ஒட்டிய கொழுகொழுக் குழந்தைப் படம் ஒன்று சுவரோடு சேர்ந்து விழுந்தபோது பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்த நாட்களிலும் முன்னறை தன் வேலையை நிறுத்தவில்லை, திருவோணம்வரை ஐப்பசிப் பிள்ளைகள் அத்தனை பேரையும் தூசிக்கு நடுவே அழுது முடித்தது.

அவிட்டத்தன்று காலை ஏழு மணிக்கே ஆவுடையக்கா வந்துவிட்டாள். பச்சையில் அரக்குக்கரை வைத்த சேலை, தலையில் கொஞ்சம் பிச்சிப்பூ. எந்த நேரத்துக்குப் பிறந்தது என்று அவளுக்குத் தெரியாது, மயக்கத்தில் கிடந்தவளுக்கு யார் சொல்வார்கள், அதனால் வாசலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். எட்டரைக்கு ஒரு அழுகை வந்தது, அவள் எழுந்துவிட்டாள், ஆனால் அது டெய்லர் வீட்டுப் பையனுடையது, அவன் அம்மா வந்து சங்கடத்தோடு அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பதரைக்கு ஒன்று, அதற்கும் ஆள் இருந்தது. பத்து மணிக்குள் தெருவே கூடிவிட்டது, கடைகளைப் பாதி சாத்தி வைத்திருந்தார்கள், கவுன்சிலரும் அவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து ஓரமாக நின்றார்.

பத்தே முக்காலுக்கு அண்ணாச்சி வந்தார். வேலைக்குப் போகும்போது கட்டுகிற கடிகாரத்தைக் கட்டியிருந்தார். அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, எதிரே இருந்த மின்கம்பத்தைப் பார்த்துச் சொன்னார்.

“பதினொண்ணு பத்துக்கு.”

அக்கா திரும்பவில்லை. கேட்டாள் என்பது தெரிந்தது, அவள் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. முப்பது வருஷம் பஸ்ஸின் நேரம் பார்த்து விசில் அடித்த மனிதர், அந்த நேரத்தை மட்டும் தவறவிட்டிருப்பாரா? இத்தனை வருஷம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பதினொன்று ஐந்து இருக்கும், அண்ணாச்சி என் பக்கம் குனிந்தார்.

“அழுதுட்டா நல்லாருக்கும் கனி.”

“என்ன அண்ணாச்சி சொல்லுதிய?”

“இந்தக் கையாலதான் வச்சேன். ஆனாலும் அழுதுட்டா நல்லாருக்கும். நான் வித்தவனாவே இருந்துட்டுப் போறேன்.”

பின்பக்கத்தில் ஜேசிபி கடைசிச் சுவரை இடித்துக்கொண்டிருந்தது, தெருமுனையில் மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது, யார் வீட்டிலோ மிக்ஸி ஓடியது, அரசமரத்தில் காக்கைகள் கத்தின, எங்கள் தெரு சும்மா இருக்கும்போதே சந்தைக்கடையாகத்தான் இருக்கும்.

பதினொன்று பத்துக்கு அத்தனையும் நின்றது. ஜேசிபி நிற்கவில்லை, அதன் கை உயர்ந்து சுவரில் இறங்கியது, சுவர் சரிந்தது, தூசி எழும்பியது, ஆனால் சத்தம் இல்லை. மினி பஸ் டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டிருப்பது தெரிந்தது, அது கேட்கவில்லை. டீக்கடைக்காரர் கையிலிருந்து எவர்சில்வர் தம்ளர் நழுவித் தரையில் உருண்டு சாக்கடைவரை போனது, ஒரு சின்ன ஓசைகூடக் கிடையாது. காக்கைகள் வாயைத் திறந்து திறந்து மூடின. நான் அக்கா என்று கூப்பிட்டேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒரு குழந்தை முதல்தரம் அழுது முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம், அரை நிமிஷமோ முக்கால் நிமிஷமோ, எங்கள் தெருவில் எந்தச் சத்தமும் இல்லை. அழாமல் பிறந்த பிள்ளையையும் கட்டடம் மறக்கவில்லை, அதற்கும் ஒரு நட்சத்திரமும் நேரமும் வைத்திருந்தது.

பிறகு எல்லாச் சத்தமும் ஒன்றாகத் திரும்பி வந்து காதில் மோதியது. அந்த வருஷத்தில் இதற்கு முன்னாலும் இரண்டு மூன்று தரம் இப்படி ஆகியிருக்கிறது, வைகாசியில் ஒருதரம், ஆவணியில் ஒருதரம், நாங்கள் காது அடைத்துவிட்டது என்று சுண்டுவிரலை விட்டு ஆட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தோம். கூட்டத்தில் நின்ற இரண்டு பெண்கள் இப்போது அதை நினைத்துக்கொண்டார்கள் என்பது அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒருத்தி கவுன்சிலரின் அம்மா. அவர் மகனின் தோளில் சாய்ந்துகொண்டார், அவன் என்ன ஏது என்று கேட்காமல் பிடித்துக்கொண்டான்.

ஆவுடையக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இருபத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, கல்யாணமாகி எங்கோ இருந்தவள், அக்கா பஸ்ஸிலும் கோயிலிலும் தேடியவள், அந்த அரை நிமிஷத்தில் இல்லாமல் போயிருந்தாள். நாங்கள் யாரும் கிட்டப் போகத் துணியவில்லை. பிறகு அக்கா நாற்காலியோடு மெல்லத் திரும்பினாள், மின்கம்பத்தையும் சுவரையும் விட்டுவிட்டு, பின்னால் நின்ற மனிதரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“யார மாதிரி இருந்துச்சு?”

அண்ணாச்சி தரையில் உட்கார்ந்தார், அவள் காலடியில், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

“தலை நெறைய முடி. கை ரெண்டையும் மூடி வச்சிருந்தா, நான் வெரல விரிச்சுப் பாத்தேன். நெத்தியச் சுருக்கிக்கிட்டு, எங்க மேல கோவப்பட்ட மாதிரி. ஒன்ன மாதிரிதான் இருந்தா ஆவுட.”

அக்கா அழுதாள். சத்தம் போட்டு, தெரு பார்க்கிறதே என்று பாராமல் அழுதாள், அவரும் அழுதார். நாங்களும் அழுதோம், அதில் மறைக்க என்ன இருக்கிறது? கொஞ்சம் அடங்கியபோது சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“சும்மாவா வச்சிய? ஒரு பேரும் சொல்லாமலா?”

“சொன்னேன். வைக்கும்போது காதுல மூணு தரம் சொல்லித்தான் வச்சேன்.”

“என்ன பேரு?”

“திரவியம்.”

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவரைப் பார்த்தாள், முகம் மெல்ல மாறியது.

“அது ஒங்கம்மா பேருல்லா?”

“ஆமா.”

“பொட்டப்பிள்ளன்னா எங்கம்மா பேரு வைக்கணும், சங்கரவடிவுன்னு வைக்கணும்னுலா பேசியிருந்தோம். அஞ்சாம் மாசமே பேசியாச்சு. நீங்களும் சரின்னு தலைய ஆட்டுனிய.”

“அந்த நேரத்துல எனக்கு அதுதாம்ட்டி வாயில வந்துச்சு.”

“எப்படி வரும்? ஆளு மயக்கத்துல கெடந்தா ஒங்கம்மா பேரு தன்னால வாயில வந்துருமோ?”

அண்ணாச்சி எழுந்து நாற்காலியை மடக்கித் தோளில் மாட்டிக்கொண்டார், அக்கா முன்னால் நடந்தாள். இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் தொட்டில் போட்ட வீட்டில் நடந்திருக்க வேண்டிய சண்டை அது. திரவியம் நல்ல பேருதானே என்று அவரும், நல்ல பேருதான், ஆனா பேசுன பேச்சு என்ன ஆச்சு என்று அவளும், தெரு முழுக்கக் கேட்கும்படி பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.